1940–60களின் திரில்லர் படங்களில் யார் தெரியினம்? கிளிநொச்சித் திரையிடலுக்குப் படத்தெரிவு, சப்டைட்டில், புரஜெக்ரர்

#1 ஏ9

வணக்கம். கிளிநொச்சிப் பக்கம் ஒரு பொதுநோக்கு மண்டபத்தில ஆறு சனிக்கிழமை, கிழமைக்கு ஒரு படம் காட்டுறதாத் திட்டம். எல்லாம் 1940க்கும் 1960களுக்கும் இடையில வந்த திரில்லர். கொலைகாரன் ஆர் எண்டு கண்டுபிடிக்கிறதுக்காக இல்லை. கறுப்பர், மெக்சிக்கர், ஆசியர், பெண்கள் எண்டு ஆக்களுக்கு அந்தப் படங்கள் என்ன இடம் குடுத்தது எண்டு பாத்துக் கதைக்கத்தான்.

வாறவை ஏ.எல். பிள்ளையள், ஆசிரியர்மார், வாசிகசாலைக்கு வாற பெரியாக்கள். பாதிப் பேருக்கு இங்கிலிசு ஓடாது, தமிழ் சப்டைட்டில் கட்டாயம். மண்டபம் தகரக் கூரை, யன்னலுக்குத் துணி இல்லை. புரஜெக்ரர் 3200 லூமன். 'டச் ஒஃப் ஈவில்' (1958) முதல் கிழமை எண்டு யோசிச்சிருக்கு. மிச்சத்துக்கு என்ன போடலாம்?

#2 குளக்கட்டு

'டச் ஒஃப் ஈவில்' நல்ல படம், ஆனா முதல் கிழமைக்கு வேண்டாம். மெக்சிக்க அதிகாரி வர்காசா நடிச்சது சார்ல்டன் ஹெஸ்டன், முகத்துக்கு மண்ணிறம் பூசிக்கொண்டு. பெடியள் அதைப் பாத்துச் சிரிச்சுப்போட்டு வீட்டுக்குப் போயிடுவினம். மூல நாவலில கதாநாயகன் வெள்ளையர், மனைவி மெக்சிக்கர். இயக்குநர் ஓர்சன் வெல்ஸ் அதைத் தலைகீழா மாத்தி, நேர்மையான பொலிஸ்காரனை மெக்சிக்கனாக்கினார். எழுத்தில துணிஞ்சிட்டார், நடிகர் தெரிவில ஸ்ரூடியோவுக்கு அடங்கிப்போச்சு. இந்த இரண்டையும் பிரிச்சுப் பாக்கிற பழக்கம் வந்த பிறகு, நாலாம் அஞ்சாம் கிழமையில போடுங்கோ. 1998 பதிப்பை எடுங்கோ. வெல்ஸ் ஸ்ரூடியோவுக்கு எழுதின 58 பக்கக் குறிப்பை வைச்சு படத்தொகுப்பாளர் வோல்ட்டர் மேர்ச் திருப்பி வெட்டினது. 1958இல வந்ததில அந்த நீளமான முதல் ஷொட்டுக்கு மேல எழுத்து ஓடும், பாதிச் சனம் பேர் வாசிச்சுக்கொண்டிருக்கும்.

முதல் கிழமைக்கு 'த பிரேக்கிங் பொயின்ட்' (1950). மைக்கேல் கேர்ட்டிஸ் இயக்கம், 97 நிமிசம். ஜோன் கார்ஃபீல்ட் படகுக்காரர். அவரோட பங்காளி வெஸ்லியா புவர்ட்டோ ரிக்கோவில பிறந்த கறுப்பின நடிகர் ஹுவானோ ஹெர்னாண்டஸ். கூலி கேக்கிற வேலையாளாக அவரைக் காட்டேல்லை. படகில ஒரு ஆள், வீட்டில ஒரு தகப்பன், அவ்வளவும் சாதாரணமா. இடையில குண்டர் அவரைச் சுட்டுக் கடலில போடுறாங்கள். கடைசியில காயப்பட்ட கார்ஃபீல்டைக் கரைக்குக் கொண்டுவருவினம். மனைவி, பொலிஸ், வேடிக்கை பாக்க வந்த சனம், எல்லாம் அவரைச் சுத்தி. அம்புலன்ஸ் போக, சனமும் கலைஞ்சுபோகும். துறையில வெஸ்லியின்ர மகன் தனிய நிண்டு அங்கயும் இஞ்சயும் பாப்பான். அவனுக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. கமரா மேல இருந்து பாத்துக்கொண்டு நிக்கும், படம் முடியும். அந்தப் பிள்ளை ஹெர்னாண்டஸின்ர சொந்த மகன்தான்.

இதில ஒரு சொல்லும் இல்லை. வசனத்தை எண்ணி "கறுப்பருக்கு எத்தினை வரி" எண்டு பாத்தா இந்த இடம் உங்கட கணக்கில வராது. அதனால கணக்கெடுக்கிறதெண்டா வேற மாதிரி எடுக்கோணும். அந்தப் பாத்திரத்துக்குப் பேர் இருக்கா, அவர் இல்லாட்டிக் கதை நகருமா, அவர் முகத்தில கமரா தனிய நிக்குதா, அவர் செத்தா ஆர் அழுகினம், கடைசி ஷொட்டில அவர் எங்க. ஒரு தாளில அஞ்சு நிரல் கீறி, பாக்க வாறவைக்கு ஆளுக்கொரு பாத்திரத்தைப் பொறுப்புக் குடுங்கோ. எல்லாரும் கதாநாயகனையே பாக்கிற பழக்கம் அண்டைக்கே உடையும்.

#3 வெட்டுக்கிளி

இப்பிடி நிரல் கீறிப் படம் பாக்கிறது கிராம சேவையாளர் பதிவு எடுக்கிற மாதிரி இருக்கு. அந்தக் காலத்துச் சனம் அப்பிடி, படமும் அப்பிடி. இண்டைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு 1950ஐப் பாக்கலாமோ?

#4 குளக்கட்டு

வெட்டுக்கிளி தம்பி, அந்தக் காலத்துச் சனம் தானா அப்பிடி எடுக்கேல்லை. எடுக்க விடாம ஒரு சட்டக்கொத்து இருந்தது. ஹொலிவூட் ஸ்ரூடியோக்கள் தங்களுக்குத் தாங்களே 1930இல எழுதி, 1934இல இருந்து இறுக்கி நடைமுறைப்படுத்தின தயாரிப்பு விதிக்கோவை. வெள்ளை இனத்தவருக்கும் கறுப்பு இனத்தவருக்கும் இடையில உடலுறவு காட்டக்கூடாது எண்டு அதில நேரடியா ஒரு வரி. திரைக்கதையை, அந்த விதிக்கோவைக்குப் பொறுப்பா இருந்த ஜோசப் பிரீனின்ர அலுவலகத்துக்கு அனுப்பி ஒப்புதல் எடுக்கோணும். எடுக்காட்டி ஸ்ரூடியோக்களின்ர கையில இருந்த பெரிய தியேட்டர்களில படம் ஓடாது. அந்த வரி 1956 திருத்தத்தோடதான் போச்சு. அதுக்குப் பிறகு 1959இல 'த கிரிம்சன் கிமோனோ' வந்தது. அதில லொஸ் ஏஞ்சலஸ் துப்பறிவாளரா வாற ஜேம்ஸ் ஷிகெற்றா வெள்ளைப் பெண்ணைக் காதலிச்சு, அவளோடயே சேருறார். ஆசியர் எண்டாக் காதலில தோக்கவேணும், இல்லாட்டிச் சாகவேணும் எண்ட வழக்கம் அதில முறியுது.

விதியால கதை எப்பிடி வளையும் எண்டதுக்கு 'குரொஸ்ஃபயர்' (1947) பாருங்கோ. மூல நாவலில கொலைசெய்யப்படுறவர் ஓரினச்சேர்க்கையாளர். விதிக்கோவை அந்தச் சொல்லையே விடாது. படத்தில அவரை யூதராக்கினாங்கள். ஒரு வெறுப்பைப் பேச இடம் கிடைச்சது, மற்றது மறைஞ்சுபோச்சு. பிரித்தானியாவில அந்த மௌனத்தை உடைக்க 1961இல 'விக்டிம்' வரவேண்டியிருந்தது. அப்பவும் அங்க ஓரினச்சேர்க்கை குற்றம், இங்கிலாந்திலயும் வேல்ஸிலயும் 1967இலதான் சட்டம் மாறினது.

#5 பாலைப்பழம்

ஏ9, இரண்டாம் கிழமைக்கு 'நோ வே அவுட்' (1950), மூண்டாம் கிழமைக்கு 'ஒட்ஸ் அகென்ஸ்ட் ருமோரோ' (1959). இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டா நல்லம், நான் ஏனெண்டு சொல்றன்.

முதலாவதில சிட்னி பொய்ட்டியே இளம் டொக்டர். அவர் வைத்தியம் பாத்த வெள்ளைக் கள்ளன் ஒருத்தன் செத்துப்போக, தமையன் ரே கொலைக்குற்றம் சாட்டுறான். ரேயா ரிச்சர்ட் விட்மார்க். பொய்ட்டியே முழுக்க நேர்மை, முழுக்கப் பொறுமை. தான் சரியாத்தான் செய்தது எண்டு நிரூபிக்கச் செத்தவனை வெட்டிப் பாக்கவேணும், அதுக்கு ரே சம்மதிக்கான். கறுப்பர் மதிக்கப்படுறதுக்குப் பிழையே விடாத ஆளா இருக்கவேண்டிக் கிடக்கு. அண்டைக்கு அது பெரிய அடி, மறுக்கேல்லை. ஆனா நெடுக அப்பிடி ஒரு ஆளைப் பாக்கேலாது.

ஒன்பது வரியத்தில ஹரி பெலஃபொன்ரே தன்ர சொந்தக் கொம்பனியில எடுத்த 'ஒட்ஸ்' வேற. அவர் சூதாடிக் கடன்பட்டவர், பிள்ளையின்ர தாயோட கொழுவினவர், வங்கி கொள்ளையடிக்கப் போறவர். கெட்டவனா இருக்கிற உரிமையும் பிரதிநிதித்துவம்தான் எண்டு நான் சொல்லுவன். திரைக்கதை ஏப்ரகாம் பொலொன்ஸ்கி. இடதுசாரி எண்டு ஸ்ரூடியோக்கள் வேலை குடுக்காம ஒதுக்கின ஆக்களின்ர கறுப்புப் பட்டியலில இருந்தபடியா அவர் பேர் போடேலாது. கறுப்பின எழுத்தாளர் ஜோன் கிலன்ஸின்ர பேரிலதான் வந்தது.

அந்தக் கொள்ளைத் திட்டத்தை நிப்பாட்டி நிப்பாட்டிப் பாருங்கோ. பின்னேரம் வங்கியில கணக்குப் பாக்கிற ஆக்களுக்குப் பக்கத்துக் கடையில இருந்து ஒரு கறுப்பு வேலையாள் கோப்பியும் சாப்பாடும் கொண்டுவாறது வழக்கம். சங்கிலி போட்ட பக்கக் கதவு அவனுக்கு மட்டும்தான் திறக்கும். அவனை ஒருத்தரும் முகம் பாத்துப் பாக்கிறேல்லை, ஆகவே பெலஃபொன்ரே தட்டோட போனாலும் ஆள் மாறினது தெரியாது எண்டதுதான் திட்டம். கொள்ளைக்காரருக்கு அந்த ஊரின்ர நிறவெறிதான் திறப்பு.

பிறகு உண்மையான திறப்பு ஒண்டு வருது, கார்த் திறப்பு. தெற்கில இருந்து வந்த ஸ்லேற்றர், நடிச்சவர் ரொபேர்ட் ரையன், அதைப் பெலஃபொன்ரேயின்ர கையில குடுக்கமாட்டன் எண்டு மூண்டாவது ஆளிட்ட குடுக்கிறான். அந்த ஆள் றோட்டில சூடுபட்டு விழ, திறப்பும் அவரோட கிடக்கு. கார் நிக்குது, எடுக்கேலாது. "இனவெறி கூடாது" எண்டு ஒருத்தரும் பிரசங்கம் வைக்கேல்லை. பொறி எந்த இடத்தில உடைஞ்சது எண்டு படம் காட்டுது, அவ்வளவுதான். கலந்துரையாடலுக்கு இந்த ஒரு காட்சி ஒரு மணித்தியாலத்துக்குக் காணும்.

#6 முறிப்பு

நீங்கள் படத்தைப் பற்றிக் கதைக்கிறியள். நான் கேக்கிறது, அந்த முகங்கள் உங்கட திரையில தெரியுமோ எண்டு.

இந்தப் படங்கள் பாதி இருட்டு. வெள்ளைத் தோல் நடுச் சாம்பலை (கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில இருக்கிற சாம்பல்) விட ஒரு ஸ்டொப் அளவு மேல நிக்கும். கறுத்த தோல் நடுச் சாம்பலில அல்லது அதுக்குக் கீழ. ஒரு ஸ்டொப் எண்டா வெளிச்சம் இரண்டு மடங்கு. ஒளிப்பதிவாளர் வெள்ளை நடிகருக்கு அளந்து லைட் வைச்சா பக்கத்தில நிக்கிற கறுப்பு நடிகர் ஏற்கெனவே இருட்டு எல்லையில. அதில உங்கட லப்டொப்பும் புரஜெக்ரரும் ஒண்டை ஒண்டு விளங்காட்டி ஆள் முழுசாக் காணாமப் போயிடுவார்.

காரணம் இதுதான். வெளிச்சத்தைக் குறிக்கிற எண்ணில, வீடியோவில கறுப்பு 16இல, வெள்ளை 235இல. கணினியில கறுப்பு 0, வெள்ளை 255. லப்டொப் 0–255ஆ அனுப்ப, புரஜெக்ரர் 16–235 எண்டு நினைச்சா, 16க்குக் கீழ உள்ளதெல்லாம் ஒரே மை. நிழலுக்குள்ள இருக்கிற கன்னம், கண், கறுத்த கோட்டின்ர மடிப்பு எல்லாம் போச்சு. மறுவளமா நடந்தா படம் சாம்பல் பூத்துக் கிடக்கும், அது பரவாயில்லை. எச்.டி.எம்.ஐ (லப்டொப்பையும் புரஜெக்ரரையும் இணைக்கிற வயர்) வீச்சை இரண்டு பக்கமும் ஒண்டா வையுங்கோ, "ஓட்டோ"வை நம்பாதேங்கோ. "டைனமிக்" மோட்டை நிப்பாட்டி "சினிமா"வுக்கு மாத்துங்கோ. வெளிச்சம் குறையும், ஆனா நிழல் திரும்பி வரும்.

சோதிக்கிறதுக்கு 'பொடி அண்ட் சோல்' (1947) எடுங்கோ. கனடா லீ குத்துச்சண்டைக்காரர், ராவில திறந்தவெளி மேடையில தனிய நிண்டு உடையிற காட்சி. அவரின்ர முகத்தில வேர்வை மினுங்கிறதோட கண் குழியும் தெரியோணும். மினுக்கம் மட்டும் தெரிஞ்சா உங்கட கறுப்பு நசிஞ்சு கிடக்கு. கறுத்த தோல் வெளிச்சத்தைக் கண்ணாடி மாதிரி எறியும், பக்கத்தில இருந்து லைட் விழுந்தா முகத்தின்ர வடிவு வரும். அதை அறிஞ்சு எடுத்தவர் ஒளிப்பதிவாளர் ஜேம்ஸ் வோங் ஹவ், சீனாவில பிறந்தவர். ரோலர் ஸ்கேற் போட்டுக்கொண்டு கமராவைக் கையில பிடிச்சு மேடைக்குள்ள சுத்தி எடுத்தார் எண்டது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. தெரியாதது, வெள்ளைப் பெண்ணான எழுத்தாளர் சனோரா பாப்போட அவர் 1937இல பாரிஸில செய்த கலியாணத்தைக் கலிபோர்னியாச் சட்டம் 1948 வரைக்கும் ஏற்கேல்லை.

யன்னலுக்குத் துணி இல்லையெண்டா 7 மணிக்கு முதல் தொடங்காதேங்கோ. ஐப்பசி, கார்த்திகை மாரிக்கு வைக்கவும் வேண்டாம். தகரத்தில மழை அடிச்சா வசனமும் இல்லை, இசையும் இல்லை.

இன்னொண்டு. 1953க்கு முந்தின படங்கள் அகலம் 1.37க்கு உயரம் 1. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரத்தான் வேணும். "திரை நிரம்பேல்லை" எண்டு ஆரும் இழுத்து நிரப்பினா முகம் எல்லாம் பூசணிக்காய்.

#7 வெட்டுக்கிளி

சரி, வோங் ஹவ் கதைக்கு நன்றி. சட்டக்கொத்து விசயமும் இப்பதான் தெரியும். ஆனா ஒரு கேள்வி. எங்கட நாட்டை வைச்சு எடுத்த படம் ஒண்டும் பட்டியலில இல்லையே? 'எலிஃபன்ட் வோக்' (1954) இருக்கு.

#8 குளக்கட்டு

திரில்லருக்குப் பக்கத்து வீடு, அவ்வளவுதான். இலங்கைத் தேயிலைத் தோட்டம், துரை, துரைசாணி, யானை, கொள்ளைநோய். பேரோட முன்னுக்கு வாற உள்ளூர் ஆள் அப்புஹாமி. நடிச்சவர் ரங்கூனில பிறந்த ஏப்ரகாம் சோஃபாயர். தோட்டத்தில கொழுந்தெடுக்கிறது ஆர் எண்டு நான் சொல்லத் தேவையில்லை. அந்தச் சனம் படத்தில பின்னணி. பத்து நிமிசம் வெட்டிக் காட்டிப்போட்டு விடுங்கோ, முழுக்க வேண்டாம்.

#9 ஏ9

பாலைப்பழம் அக்கா, சப்டைட்டிலுக்கு உங்களைத்தான் நம்பியிருக்கு. 'நோ வே அவுட்' தொடங்கினதில "போய்" (boy) எண்டு கூப்பிடுற இடமெல்லாம் "தம்பி" எண்டு போட்டிருக்கு. சரிதானே?

#10 பாலைப்பழம்

ஐயோ, இல்லை. வளர்ந்த கறுப்பு ஆம்பிளையை "போய்" எண்டா அது இழிவு. எங்கட "தம்பி"யில மரியாதையும் பாசமும் இருக்கு. ரேயின்ர வாயில "தம்பி" வந்தா அவன் நல்லவனாயிடுவான். "டேய்" போடுங்கோ. சில இடத்தில "பெடியா", நக்கலா வந்தா.

இதை விடப் பெரிய பொறி "யூ". இங்கிலிசில ஒரு சொல், எங்களுக்கு நீ, நீர், நீங்கள் எண்டு மூண்டு. ஒவ்வொரு சோடிக்கும் எது எண்டு முதலே ஒரு தாளில எழுதி வைச்சிட்டுத் தொடங்கோணும், இல்லாட்டி இருநூறாம் வரியில ஒண்டு, நாநூறாம் வரியில ஒண்டு எண்டு வரும். நான் வைக்கிறது இப்பிடி. பெரிய டொக்டர் பொய்ட்டியேக்கு "நீர்", மூத்தவர் படிச்ச இளம் ஆளுக்குச் சொல்ற மாதிரி. பொய்ட்டியே அவருக்கு "நீங்கள்". ரே பொய்ட்டியேக்கு முழுக்க "நீ". பொய்ட்டியே ரேக்கு "நீங்கள்", ஏனெண்டா அவன் நோயாளி. பொறுமை உடையிற இடத்தில ஒரே ஒருக்கா "நீ" போடுங்கோ, சனம் கதிரையில நிமிரும். இந்தியாவில செய்த தமிழ் சப்டைட்டில் கிடைச்சா "நீர்" இருக்காது, அப்பிடியே எடுக்காதேங்கோ.

வசைச்சொற்களுக்கு எங்கட சாதி வசையைப் போட்டா "உறைக்கும்" எண்டு ஒருக்கா இஞ்ச ஆரோ எழுதினவை. வேண்டாம். மண்டபத்தில அந்தச் சொல்லால அடிபட்ட ஆக்களும் இருப்பினம், திரையில இருந்து திருப்பி அடிக்கிறதுக்கு எங்களுக்கு உரிமை இல்லை. அதோட அமெரிக்க நிறவெறி வேற வரலாறு, அது மறைஞ்சுபோகும்.

#11 வெட்டுக்கிளி

அப்ப 'ஒட்ஸ்' தொடக்கத்தில ஸ்லேற்றர் அந்தச் சின்னக் கறுப்புப் பிள்ளையைத் தூக்கிச் சிரிச்சுக்கொண்டு ஒரு சொல் சொல்லுவானே. "கறுப்பி" எண்டு போடலாமோ? எங்கட வீடுகளில செல்லமாக் கூப்பிடுறது.

#12 பாலைப்பழம்

அதாலதான் யோசிக்கோணும். அவன் சிரிச்சுத்தான் சொல்றான், கொஞ்சுறன் எண்டுதான் நினைக்கிறான். "கறுப்பி" எண்டா எங்கட சனமும் கொஞ்சல் எண்டுதான் வாசிக்கும், பிழை விளங்காது. பிறகு லிப்டில கறுப்பு வேலையாள் கதை குடுக்க ஸ்லேற்றர் கல்லு மாதிரி நிப்பான். அப்பதான் முதல் சிரிப்பும் என்ன சிரிப்பு எண்டு தெரியும். எனக்கு "கறுப்புக்குட்டி" கிட்ட வருது. கொஞ்சலும் இருக்கு, குட்டி எண்ட மிருகச் சாயலும் இருக்கு. இதை விட நல்ல சொல் ஆரிட்டையும் இருந்தாத் தாங்கோ, மாத்துறன்.

நாலாம் கிழமைக்கு 'த ஹிச் ஹைக்கர்' (1953), 71 நிமிசம். ஐடா லுப்பினோ இயக்கினது. ஹொலிவூட் ஸ்ரூடியோக் காலத்தில இப்பிடி ஒரு இருட்டுக் குற்றப்படத்தைப் பெண் இயக்கினது அபூர்வம். அமெரிக்காவில உரிமை காலாவதியான படம். மற்ற அமெரிக்கப் படங்களுக்கு உரிமைக்காரரிட்டை அனுமதி கேக்கோணும், கடைசிக் கிழமைக்கு விடாதேங்கோ. மெக்சிக்கோவுக்குள்ள கதை. வழியில காரில ஏறின துப்பாக்கிக்காரன் ஒருத்தன் இரண்டு நண்பரைப் பிடிச்சு வைச்சிருக்கிறான். துப்பாக்கிக்காரனுக்கு ஸ்பானியம் தெரியாது, பிடிபட்ட இரண்டு பேரில ஒருத்தருக்குத் தெரியும். மெக்சிக்கர் தங்களுக்குள்ள ஸ்பானியத்திலதான் கதைக்கினம், இங்கிலிசு சப்டைட்டில் இல்லை. அங்க தமிழும் போடாதேங்கோ.

#13 ஏ9

சனம் குழம்பாதோ? பிழை விட்டிட்டம் எண்டு நினைப்பினமே.

#14 பாலைப்பழம்

தொடக்கத்தில ஒரு வரி சொல்லிவிடுங்கோ. துப்பாக்கிக்காரன் குழம்புறதுதான் காட்சி. நாங்கள் மொழிபெயர்த்தா அவனை விட எங்களுக்குக் கூடத் தெரியும், பயம் போயிடும். தெரியாத மொழியில தன்னைப் பற்றித்தான் கதைக்கிறாங்கள் எண்டு ஒருத்தன் நிண்டு முழிக்கிறது வன்னிச் சனத்துக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லாத விசயம்.

#15 முறிப்பு

சப்டைட்டில் கோப்புப் பாத்தன். மூண்டு பிழை.

ஒண்டு, பாதி பாமினியில, அந்தப் பழைய தமிழ் எழுத்துருவில, அடிச்சிருக்கு. உங்கட கணினியில தமிழ், மற்றக் கணினியில வெறும் இங்கிலிசு எழுத்துக் குப்பை. எல்லாக் கணினியிலயும் வாசிக்கேலுமான யுனிகோட்டுக்கு மாத்தி யூ.ரி.எஃப்-8 எண்டு சேமிக்கோணும். மாத்தின பிறகு "ஐ"யையும் "ஜ"வையும் கண்ணால பாருங்கோ, பாமினிக்காரர் ஐக்கு ஜ அடிக்கிறது பரம்பரை வியாதி.

இரண்டு, பென் ட்ரைவை நேர புரஜெக்ரரில குத்தாதேங்கோ. அதுக்குள்ள இருக்கிற பிளேயருக்குத் தமிழ் கோக்கத் தெரியாது, கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம் நிக்கும். லப்டொப்பில வி.எல்.சி பிளேயரால ஓட்டுங்கோ, அல்லது ஹான்ட்பிரேக் எண்ட மென்பொருளால எழுத்தைப் படத்தோட எரிச்சு ஒரே கோப்பாக்குங்கோ.

மூண்டு, நேரம் நழுவுது. உங்கட படம் விநாடிக்கு 25 பிரேம், பழைய டிவிடியில இருந்து வந்தது. சப்டைட்டில் 23.976க்கு. 100 நிமிசப் படம் 25இல 95 நிமிசம் 54 செக்கனில முடியும். தொடக்கத்தில சரியா இருக்கும், கடைசியில எழுத்து 4 நிமிசம் பிந்தி வரும். தள்ளி வைச்சுத் திருத்தேலாது, எல்லா நேரத்தையும் 0.959ஆல பெருக்கோணும். சப்டைட்டில் எடிற் எண்ட மென்பொருளில பிரேம் வேகம் மாத்துற இடம் இருக்கு.

தமிழ்ச் சொல் நீளம் எண்டபடியா ஒரு வரிக்கு 32 எழுத்துக்கு மேல போகாதேங்கோ, இரண்டு வரிக்கு மேல வேண்டாம், இரண்டு செக்கனுக்குக் குறைய நிப்பாட்ட வேண்டாம். பெரியாக்கள் வாசிக்கோணும்.

#16 குளக்கட்டு

அஞ்சாம் கிழமை 'டச் ஒஃப் ஈவில்'. ஆறாம் கிழமைக்குத் தமிழுக்கு வாங்கோவன். 'அந்த நாள்' (1954), ஏவிஎம், வீணை எஸ். பாலச்சந்தர் இயக்கம். பாட்டு இல்லை, ஆட்டம் இல்லை. 1943 ஒக்ரோபரில சென்னையில யப்பான்காரன் குண்டு போட்ட நேரத்துக் கதை. சிவாஜி செத்துக் கிடக்கிறார், ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு கதை சொல்லினம்.

சப்டைட்டில் வேலை இல்லை எண்டு முறிப்பு சந்தோசப்படலாம். ஆனா அதே அஞ்சு நிரல் தாளைத் திருப்பிக் குடுங்கோ. பண்டரிபாயின்ர உஷாதான் படத்தின்ர மனச்சாட்சி. புருசனை விட நாட்டைப் பெரிசாக் காண்ற பெண், 1954இல. காதலி அம்புஜத்துக்கு அந்த இடம் கிடைக்குதோ? வீட்டு வேலைக்காரர், தெருவில நிக்கிற ஆக்கள், அவையளுக்குப் பேர் இருக்கோ? ஹொலிவூட்டுக்கு மட்டும் பிடிச்ச கண்ணாடியை இஞ்சயும் பிடியுங்கோ. இதில வெட்டுக்கிளி தம்பிதான் முன்னுக்கு நிண்டு கதைக்கோணும்.

#17 வெட்டுக்கிளி

பதிவு எடுக்க என்னையே அனுப்புறியளோ. சரி, வாறன். தாளை அச்சடிச்சு வையுங்கோ, பேனை நான் கொண்டுவாறன்.

#18 பாலைப்பழம்

ஏ9, 'த பிரேக்கிங் பொயின்ட்' கோப்புக் கடைசி வரை பாத்தன், நல்லா வந்திருக்கு. ஒண்டு மட்டும். துறையில பிள்ளை நிக்கிற இடத்தில அடைப்புக்குள்ள "சிறுவன் தந்தையைத் தேடுகிறான்" எண்டு போட்டிருக்கிறியள். ஏன்?

#19 ஏ9

வசனம் இல்லாத இடம், சனத்துக்கு விளங்காதோ எண்டு போட்டது அக்கா. கடைசி வரியை அழிச்சாச்சு. முறிப்பு அண்ணை சொன்ன மாதிரி நேரமும் திருத்தி, புதுக் கோப்பு ஏத்தியிருக்கு.